ஒன்பது வருடத்து டீசல்

தார்ப்பாயை இழுத்துக் கீழே தள்ளியதும் ஒன்பது வருடத் தூசி இருவர் தலையிலும் கொட்டியது. பொக்சிம் நாலு தடவை தும்மினாள். யாங்நிம் கரையேற்றி வைத்திருந்த படகையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீலப் பெயின்ட் பொரிந்து உதிர்ந்திருந்தது. இடது பக்கப் பலகையில், பேய்க்கணவாய் பிடிக்கும் கூண்டுகளை இழுத்து இழுத்து விழுந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் அதில் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னடி, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிற? ஏறு."

"ஏணி இல்லையேக்கா."

"முப்பது வருஷம் ஏணி வச்சா ஏறுன?"

அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள் இருவரும். பொக்சிம் மூத்தவள், அறுபத்தேழு வயது. யாங்நிம் ஐந்து வயது இளையவள். முந்தின நாள்தான் பொக்சிமின் கணவர் தல்மானுக்கு இரண்டாம் நினைவுநாள். பூசான் நகரத்திலிருந்து தீவுக்கு யாங்நிம் மட்டும் வந்திருந்தாள். தம்பி தல்சூவுக்கு மூட்டுவலி என்றாள். பொக்சிம் அதை நம்பவில்லை. ஆனாலும் சோறு போடும்போது, "மூட்டுக்கு என்ன தைலம் தேய்க்கிறாரு?" என்று கேட்டதோடு விட்டுவிட்டாள்.

காலைப் பயணப் படகில் கிளம்ப இருந்தவளை நிறுத்தி வைத்ததும் பொக்சிம்தான். வியாழக்கிழமை கடல் நன்றாக வற்றும். எதிரே இருக்கும் பாறைத்திட்டில் அவர்கள் வீட்டுப் பங்குக்குக் கடற்பாசி அறுக்கலாம். ஒன்பது வருடமாக அடுத்த வீட்டுக்காரர் படகில் தொற்றிக்கொண்டு போகிறாள்.

"அவங்க பாசிய அறுத்துக் கட்டி, சோறு தின்னு, ஏப்பம் விடுற வரைக்கும் நான் ஓரமா நிக்கணும். நம்ம படகு சும்மாதானே கெடக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஓடாதா?"

"இன்ஜின் இறுகிப் போயிருக்குமே."

"போன வாரமே எண்ணெய் ஊத்தி ஊற வச்சுட்டேன். நேத்து கம்பி போட்டுத் திருப்புனேன், சுத்துது. டீசல் போற வழிதான் பாக்கணும்."

ஆக, இவள் வருவதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருக்கிறது. யாங்நிம் சிரித்துக்கொண்டே கையூன்றி ஏறினாள்.

இன்ஜின் அறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. டீசல், கிரீஸ், உப்பு, ஈரக் கயிறு. தொங்யோங் நகரத்துக்கு வடக்கே ஒரு மலையூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மாதம், இந்த வாசனைக்கே யாங்நிம் வாந்தி எடுப்பாள். தல்மான் திரும்பிப் பார்க்காமல், "தம்பி, உன் பொண்டாட்டி மீனுக்கு இரை போடுறா" என்பார். பிறகு எப்போது பழகியது என்று அவளுக்கே தெரியாது. குளிர்காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றிப் புகைக்குழாய் மேல் வைத்துவிடுவார்கள். பத்து மணிக்கெல்லாம் வெந்துவிடும். நாலு பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க இந்த அறை வாசலில் உட்கார்ந்து, ஊதி ஊதித் தின்பார்கள். கருகின கிழங்கு யாருக்கு என்று தினமும் ஒரு சண்டை. அண்ணனும் தம்பியும் அப்போது போட்டுக்கொண்ட சண்டையெல்லாம் அந்த அளவுதான்.

வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் இன்ஜின் பொறுப்பு தல்சூவுடையது. பக்கத்தில் விளக்குப் பிடித்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் பொக்சிம். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்பது அவளுக்கு இன்னும் அத்துப்படி. ரப்பர் ஹோஸ்கள் காய்ந்த குச்சி போல ஒடிந்தன. புதிது வாங்கி வைத்திருந்தாள். பில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகப் பசை. டேங்கிலிருந்து பழைய டீசலைக் குழாய் வைத்து இரண்டு டிரம்மில் இறக்கினார்கள். முதலில் தேன் நிறத்தில் வந்தது, பிறகு காப்பி நிறம், கடைசியில் வெறும் தண்ணீர். வார்னிஷ் போல நாற்றம் அடித்தது.

"அடியில இன்னும் கெடக்கு. உன் கைதான் ஒல்லி. விட்டு வழிச்செடு" என்று சொல்லிவிட்டு, பொக்சிம் பில்டர் கிண்ணத்தைக் கழுவப் படகின் மறுபக்கம் போனாள்.

யாங்நிம் டேங்கின் மேல்மூடியைக் கழற்றி, தோள்வரை கையை விட்டாள். கூழ் மாதிரி கசடு. நாலு கை வழித்து வாளியில் போட்டாள். ஐந்தாவது முறை விரலில் துணி சிக்கியது. ஏதோ கந்தல் என்றுதான் இழுத்தாள். வெளிச்சத்தில் பிழிந்தபோது கறுப்புக்கு அடியில் ஊதா நிறம் தெரிந்தது. ஊதாவில் வெள்ளைப் புள்ளி. ஒரு ஓரம் தைத்திருந்தது, மறு ஓரம் கிழித்தது.

அவளுடைய தலைத்துணி. அதில் பாதி.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஒருநாள் அலை அடித்து, டேங்கில் டீசல் ஊற்றும் துவாரத்தின் மூடி கடலில் போய்விட்டது. தண்ணீர் புகாமல் இருக்கட்டும் என்று, தலைத்துணியைப் பாதியாகக் கிழித்து அவள்தான் துவாரத்தில் அடைத்தாள். மறுநாள் பார்த்தபோது துணியைக் காணவில்லை. காற்றில் போயிருக்கும் என்று நினைத்தாள். புது மூடி வந்தது. அத்தோடு மறந்தும் போனாள்.

இன்ஜின் நின்று நின்று போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அடங்கிவிடும். கால் மணி நேரம் கழித்துத் தட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். துணி போய் டீசல் போகும் வாயை அடைத்திருக்கிறது. இன்ஜின் நின்று உறிஞ்சுவது நின்றதும் மிதந்து விலகியிருக்கிறது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. நீ பில்டரை ஒழுங்காகக் கழுவுவதில்லை என்றார் தல்மான். நீ துறை டீசல்காரனிடம் மட்டமான டீசலாகப் பார்த்து வாங்குகிறாய் என்றார் தல்சூ. கடைசியில் ஒருநாள் கப்பல் வரும் பாதையின் நடுவே இன்ஜின் நின்றது. மலை போல வந்த சரக்குக்கப்பல் சங்கு ஊதிக்கொண்டே மயிரிழையில் தாண்டிப் போனது. கரைக்கு வந்ததும், துறையில் ஊரே பார்க்க, அண்ணன் தம்பியின் கன்னத்தில் அறைந்தார். அடுத்த வாரமே தல்சூ பூசானுக்குக் குடி மாறினார். அண்ணன் செத்ததற்குக்கூட வந்து வாசலில் கும்பிட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

பொக்சிமின் காலடிச் சத்தம் கேட்டது. யாங்நிம் துணியைச் சட்டென்று காலுக்கடியில் வைத்து மிதித்துக்கொண்டாள்.

"வழிச்சாச்சா?"

"ஆச்சு."

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? மறுபடியும் மீனுக்கு இரை போடப் போறியா?"

யாங்நிம் காலை நகர்த்தாமல் கசடு வாளியை எடுத்து நீட்டினாள்.

டேங்கைக் கழுவி, புது டீசல் ஊற்றி, அடுத்த வீட்டு பேட்டரியை மாட்டினார்கள். கை பம்ப்பை அமுக்கி அமுக்கி பில்டர் வரை குழாயில் நின்ற காற்றை வெளியேற்றியாயிற்று. அங்கே குமிழி போய்ச் சுத்தமான டீசல் வந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதே தவிர பிடிக்கவில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் நட்டைத் தளர்த்திப் பார்த்தால் ஒரு சொட்டுகூட இல்லை. அதற்கு டீசல் தள்ளும் பெரிய பம்ப் வரைக்கும் வருகிறது, அதைத் தாண்டவில்லை.

பொக்சிம் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். கரி அப்பிக்கொண்டது.

"உன் வீட்டுக்காரருக்குப் போன் போடு."

"வேணாங்க்கா. அவரு பேச மாட்டாரு."

"இன்ஜினப் பத்தித்தானே கேக்குறோம். சொத்தா கேக்குறோம்? போடு."

போட்டாள். ஸ்பீக்கரில் வை என்று பொக்சிம் கையைக் காட்டினாள். தல்சூ விஷயத்தை முழுதாகக் கேட்கவில்லை.

"அந்தப் படகப் பத்தி எங்கிட்டப் பேசாதன்னு எத்தன தடவ சொல்றது? நான் கழுவுன பில்டர்லதான் அழுக்குன்னு ஊர் முன்னால அடிச்சாரில்ல, இப்பவும் அழுக்காத்தான் இருக்கும். வை போன."

யாங்நிம் போனை வைக்கவில்லை. குனிந்து, பலகைக்கு அடியில் தள்ளி மறைத்திருந்த துணியை எடுத்தாள்.

"பில்டர் இல்லைங்க. டீசலும் இல்ல. என் தலத்துணி. மூடி தொலஞ்சப்ப நான்தான் அடச்சு வச்சேன். உள்ள விழுந்திருக்கு. இப்பத்தான் டேங்குலேந்து எடுத்தேன்." துணியைப் பொக்சிமிடம் காட்டினாள். "ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. நான்தான்."

பொக்சிம் கையை நீட்டித் துணியை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படகின் விளிம்பில் போய் உட்கார்ந்து, கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

யாங்நிம் அருகில் போகப் பயந்து அங்கேயே நின்றாள்.

"ஒம்பது வருஷம்டி" என்றாள் பொக்சிம் கடைசியில்.

"அக்கா..."

"பேசாத, இரு." துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "தம்பி போனப்புறம் எங்க வீட்டுக்காரரும் டீசல் மேலதான் பழியப் போட்டாரு. சாகுற வரைக்கும் அந்த டீசல்காரனுக்கு ஒரு வணக்கம் வச்சதில்ல. துறையில எதிர்ல வந்தா காறித் துப்புவாரு. அந்த மனுஷன் என்னடான்னா எழவுக்கு வந்து என்னைவிட அதிகமா அழுதான்." அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று யாங்நிம் நினைத்தாள். அருகே போய்ப் பார்த்தால் கண்ணீரும் ஓடியது, சிரிப்பும் வந்தது. "நல்ல டீசல்தான் குடுத்திருக்கான் பாவி."

"என்னத் திட்டுங்கக்கா."

"திட்டத்தான் போறேன். வருஷம் பூரா கெடக்கு. மொதல்ல பாசி."

போன் இன்னும் இணைப்பிலேயே இருந்தது. இருவரும் மறந்தே போயிருந்தார்கள். அதற்குள்ளிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"பம்ப் பக்கவாட்டுல ஒரு மூடி இருக்கும்" என்றார் தல்சூ. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாதது போல மெதுவாகச் சொன்னார். "அதத் தொறந்தா உள்ள பல்லு வெட்டுன கம்பி. பழைய டீசல் காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும். வெந்நியில துணிய நனச்சுப் பம்ப் மேல சுத்துங்க. சூடு ஏறுனதும் கம்பியத் தள்ளிப் பாருங்க. சுத்தியலால அடிச்சுராதீங்க."

"சரிங்க."

"அண்ணி இருக்காங்களா அங்க?"

"இருக்கேன், இருக்கேன்" என்றாள் பொக்சிம். "மூட்டு எப்படி இருக்கு?"

"மொதல்ல வெந்நிய வைங்க" என்றார் தல்சூ.

வெந்நீர் கொண்டுவந்து மூன்று முறை மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். கம்பி அசையவே இல்லை. நாலாவது முறை, யாங்நிம்மின் விரலுக்கடியில் மயிரளவு நகர்ந்தது. பிறகு கொஞ்சம். பிறகு அங்கும் இங்கும் தடையில்லாமல் ஓடியது. நாசில் நட்டுகளைத் தளர்த்திவிட்டு பொக்சிம் சாவியைத் திருப்பினாள். முதலில் நுரை, பிறகு டீசல் பீறிட்டு யாங்நிம்மின் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டே நட்டுகளை இறுக்கினாள்.

மறுபடி சாவி. ஒரு இருமல். வெள்ளைப் புகை. இன்னொரு இருமல். பிறகு மூன்று சிலிண்டரில் ஒன்று மட்டும் அடித்தது, அடுத்து இரண்டாவதும் சேர்ந்தது, கடைசியில் மூன்றும் ஒன்றாக, படகின் பலகையெல்லாம் அதிர, இன்ஜின் பிடித்தது. குளிர்விக்க வாளித் தண்ணீரில் விட்டிருந்த குழாய் துள்ளியது. பொக்சிம் போனை எடுத்து இன்ஜின் அருகே பிடித்தாள். கை வலிக்கும் வரை பிடித்திருந்தாள். அதைத் திரும்பக் காதில் வைத்தபோது தல்சூ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வியாழக்கிழம பாசி அறுக்கப் போறோம்" என்று சத்தத்துக்கு மேலே கத்தினாள். "மூட்டு வலிச்சா உக்காந்துக்கிட்டு ஓட்டுங்க."

புதன்கிழமை மதியப் படகில் தல்சூ வந்தார். நொண்டவில்லை. துறையிலிருந்து நேராக மேட்டுக்குப் போனார், ஒரு குடுவை அரிசிக்கள்ளோடு. அண்ணன் கல்லறையில் என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. இறங்கி வரும்போது குடுவை காலியாக இருந்தது, முட்டியில் மண் ஒட்டியிருந்தது. சாயங்காலம் டீசல்காரரின் கடைக்குப் போய், முன்பு சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் விழித்துவிட்டு, கேன் நிறைய டீசல் ஊற்றிக் கொடுத்தாராம்.

அன்று ராத்திரி கடல் ஏறியதும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மறுநாள் விடிந்து கடல் பின்வாங்கிய நேரம் மூவரும் படகில் ஏறினார்கள். தல்சூ சுக்கானைப் பிடித்தார். கயிற்றை அவிழ்த்தாயிற்று, இன்ஜின் ஓடுகிறது, ஆனால் படகு நகரவில்லை. அவர் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாங்நிம்முக்குப் புரிந்தது. இந்தப் படகை முன்னால் நிற்கும் தல்மான் குரல் கொடுக்காமல் அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

பொக்சிம் அரிவாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றாள். முகத்தைத் திருப்பாமல், வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

"போகலாம்."

படகு நகர்ந்தது. பாறைத்திட்டில் அந்த வருடம் பாசி முழங்கால் உயரம் விளைந்திருந்தது. கடல் மறுபடி ஏறும்வரை மூவரும் நிமிரவில்லை.