அவசரமாகச் சுட்ட எலும்பு

திண்டிவனத்தில் நொறுங்கிய எலும்புக்குப் பதிலாக உள்ளே வைக்கும் செயற்கை எலும்புக் கட்டி செய்யும் கம்பெனியில் ஆறு வருஷம் சூளை பார்த்தவள் நான், ஜெசிந்தா. எலும்பில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்தைத் தூளாக்கி, பசை சேர்த்து அழுத்தி, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டால் கல்லாக இறுகும். ஆனால் ஐந்நூறு டிகிரி வரைக்கும் நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்ற வேண்டும். பசை மெல்லப் புகைந்து வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே விரிசல் விழும். வெளியே மணியாகத் தெரியும்.

மேனேஜர் அன்புச்செல்வனுக்கு ஆர்டர் அவசரம். "ஜல்தியா ஏத்தும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று எட்டு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்க வைத்தார். தரச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த எழுபத்திரண்டாம் பேட்ச் கட்டிதான், விபத்தில் எலும்பு நொறுங்கிய என் தம்பியின் காலுக்குள் போனது. மூன்றாம் மாதம் உள்ளேயே நொறுங்கியது. அன்புச்செல்வனிடம் போய்க் கேட்டேன்.

"குடிச்சிட்டு காலை ஊனிக்கினு நடந்திருப்பான்" என்றார்.

பீர் வாசனைகூட அறியாதவன் என் தம்பி. கேட்ட பாவத்துக்கு என் வேலையும் போனது.

தம்பிக்கு ஆபரேஷன் நடந்த விழுப்புரம் ஆஸ்பத்திரியிலேயே ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தேன். மிச்சமிருந்த எழுபத்திரண்டாம் பேட்ச் பெட்டிகளை யாருக்கும் போகாமல் பூட்டி வைத்தேன். டாக்டர் சகாய பிரியாவிடம் விரிசலைப் பற்றிச் சொன்னதற்கு, "பேப்பர்லாம் சரியா இருக்கேம்மா" என்றார். உண்மை அன்புச்செல்வன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன்.

போன மாதம் கோலியனூர் பக்கம் பைக் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வந்து படுத்தார் அன்புச்செல்வன். பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் கட்டி கேட்டார். எழுபத்திரண்டை எடுத்துப்போய் அன்புச்செல்வன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"உங்க கம்பெனி சரக்குதான் சார். நீங்களே கையெழுத்து போட்டது."

நம்பரைப் படித்ததும் அவர் முகம் வெளிறியது.

"ஐயோ, இது வேணாங்க டாக்டர்! ஜல்தியா சுட்டது. உள்ள விரிசல் இருக்கும்."

"தெரிஞ்சேதான் எங்களுக்கு வித்தீங்களா?" என்றார் டாக்டர்.

நான் பேப்பரையும் பேனாவையும் அன்புச்செல்வன் கையில் திணித்தேன்.

"இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க சார். நல்ல பெட்டி எடுத்தாறேன்."

டாக்டர் தடுக்கவில்லை. அன்புச்செல்வன் எழுதினார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் தம்பி பேரு இன்னாம்மா?"

தம்பியின் காலை முடக்கினவருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், மரிய அருண் என்று.