அம்மாவுக்குப் போன் பண்ணாதே

1

இந்தக் கதை ஒரு பெயரிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளின் பெயர் அல்ல. அக்கம்பக்கத்து இணைப்புகளையெல்லாம் வரிசையாகக் காட்டுமே மடிக்கணினி, அந்த வரிசையில் தெரிந்த பெயர்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டியவர்கள், போகிற போக்கில் என் வீட்டு இன்டர்நெட் கேபிளையும் வெட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனியில் "நாளைக்கு வர்றோம்" என்றார்கள். எந்த வாரத்து நாளை என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பெரிய கிடங்குகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கட்டடம் இது. என் போனுக்கு வரும் சிக்னல், கூச்சப்படும் விருந்தாளி மாதிரி வாசலோடு நின்றுவிடும். வேறு யார் வீட்டு இணைப்பாவது தெரிகிறதா என்று பார்த்தேன். எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக ஏதேதோ பெயர்கள். நடுவில் ஒன்று மட்டும் தமிழில்:

அம்மாவுக்குப் போன் பண்ணாதே.

யார் யாருக்குச் சொல்வது இது? ஏன் பண்ணக்கூடாது? அந்த அம்மாவுக்கு என்ன? இந்த மூன்று கேள்விகளோடு கதை தொடங்கியது. (உண்மையில் முதலில் வந்தது நான்காவது கேள்வி: பாஸ்வேர்டு என்னவாக இருக்கும்? எழுதுகிறவர்கள் தங்கள் தேவையை ஆர்வம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்தான்.)

2

முதல் தொடக்கம்: "அந்த வீட்டில் ஓர் அம்மா இருந்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லாததால் யாரும் அவளை—"

[இல்லை. நோயாளி அம்மாவைக் கதையில் படுக்க வைத்தால் எனக்கு வேலை சுலபம். அதனாலேயே வேண்டாம்.]

இரண்டாவது: "தாயும் மகனும் பேசிக்கொள்ளாமல் ஆறு வருடம்—"

[இதுவும் இல்லை. சண்டை போட்டவர்கள் அதை இணைப்பின் பெயராகவா வைப்பார்கள்? ஊருக்கே அறிவிப்பதற்கு அது என்ன கடைப் பெயர்ப்பலகையா?]

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை. மடிக்கணினியோடு மாடியேறி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கோடுகள் நிறைந்த இடத்தில் கதவைத் தட்டினேன். கற்பனை வற்றும்போது படியேறுவது ஒரு நல்ல உத்தி. எந்த எழுத்துப் பட்டறையிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

3

கதவைத் திறந்தவர் எனக்குப் படிக்கட்டுப் பழக்கம். சிரிப்போம், "தண்ணி வந்துச்சா" என்போம், அவ்வளவுதான். கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஒரே மகள். அவளுக்கு வீட்டிலிருந்தே ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை.

"அக்கா, உங்க நெட்டு கொஞ்சம் கிடைக்குமா? கதை ஒண்ணு அனுப்பணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு, ஒரு டம்ளரா?" என்றார். "உள்ள வாங்க எழுத்தம்மா."

இணைப்பு சமையலறை ஜன்னலில் இருந்தது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த அக்காவின் போன்; அதிலிருந்துதான் வீட்டுக்கே நெட்டு. பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்துகொண்டு வந்ததை ஒரு ரப்பர்பேண்டு பிடித்து நிறுத்தியிருந்தது. அக்கா பேசிக்கொண்டே, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த ஜன்னல்லதான் சிக்னல் நிக்குது. கீழ படிக்கட்டு ஜன்னல்ல ஒரு கோடு வரும். அதுவும் என் போன் கம்பெனி மட்டும். வீட்டுக்காரர் போன் இங்க வந்தா வெறும் கடிகாரம்தான்."

"அந்தப் பேரு?"

"மக வெச்சது. போன் வந்தா நெட்டு அறுந்துடுது இங்க. மதியம் அவங்கப்பா சாப்பிட்டியான்னு கேக்கக் கூப்பிடுவாரு. இவ உள்ள யார்கிட்டயோ கம்பெனிக்காக மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருப்பா. பாதி மன்னிப்புல நின்னுடும். அதான், வீட்டுல நெட்டு போடறப்பெல்லாம் அவரு கண்ணுல படட்டும்னு வெச்சா."

"இப்பக் கூப்பிடறதில்லையா?"

"யாருமே கூப்பிடறதில்ல. அண்ணன், தங்கச்சி எல்லாருக்கும் சொல்லியாச்சு." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "அம்மா, நெட்டு."

"இருக்கேன், இருக்கேன்." அக்கா போனை ஒரு விரலால் லேசாகத் திருப்பி வைத்தார்.

(கேட்டது நெட்டு. பதில், இருக்கேன். கதைக்கு வேண்டியது எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பாதிதான் கிடைத்திருந்தது.)

பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதி வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டியபோது அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"நல்ல நரம்பு உங்களுக்கு. தேடவே வேணாம்."

மகள் பிறக்கும் வரை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவராம். இன்றைக்கும் புதிதாக யாரைப் பார்த்தாலும் கண் முதலில் முழங்கைக்குத்தான் போகிறதாம். அந்த நிலையத்திலிருந்து போன வாரம் ஒரு செய்தி வந்திருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை, காலை நேரத்தில் மட்டும்.

"அட்ரஸ் எல்லாம் போன்லதான் வருமாம். ஒரு வீட்டுல முடிச்சதும் அடுத்த வீடு. போன் கையோட இருக்கணும். திங்கக்கிழமை வரச் சொல்றாங்க."

"வரேன்னு சொல்லிட்டீங்களா?"

அக்கா மறுபடியும் போனைத் தொட்டார். "சூடு ஏறிடுச்சு" என்று தட்டை எடுத்து அதற்கு விசிறினார்.

4

என் தோழி ஓர் இதழின் ஆசிரியர். நான் எதை எழுதினாலும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் தொழில்; எங்கள் நட்பும் அதுவே. தெருமுனைக்குப் போனால் என் போனுக்கு உயிர் வரும். அங்கே நின்றுகொண்டு அவளிடம் கதையைச் சொன்னேன்: வீட்டின் இணைப்பாகவே ஆகிவிட்ட ஒருத்தி. அவள் வாசல் தாண்டினால் வீடே துண்டிக்கப்படும். இப்போது ஒரு வேலை அவளை வெளியே கூப்பிடுகிறது.

"போனை வீட்டுல வெச்சிட்டுப் போகட்டுமே."

"போன் இல்லாம அந்த வேலையே கிடையாது."

"அப்ப அதே கம்பெனில இன்னொரு சிம் வாங்கி, பழைய போன் ஒண்ணுல போட்டு ஜன்னல்ல வெக்கச் சொல்லு. அரை மணி நேர வேலை. உன் கதைய முடிக்க ஒரு கடைக்காரன் போதும்டி."

"..."

"லைன்ல இருக்கியா, இல்ல உன் நெட்டும் போச்சா?"

"இருக்கேன்" என்றேன்.

"திங்கக்கிழமை பத்து மணிக்குப் பக்கத்தை மூடறேன். அதுக்குள்ள கடைக்காரனை எங்கயாவது ஒளிச்சு வெச்சிட்டு அனுப்பு."*

* அவளைப் பற்றிய இந்தப் பகுதியை அவள் வெட்டவில்லை என்றால், அவள் நான் நினைப்பதைவிட நல்லவள்.

அவள் சொன்னது சரி. என் கதையின் நடுவில் ஒரு கதவு அகலத் திறந்தே கிடந்தது. ஆனால் திரும்பி நடக்கும்போது வேறொன்று தோன்றியது. அரை மணி நேர வேலை என்றால், இத்தனை நாளாக அந்த வீட்டில் யாரும் ஏன் அதைச் செய்யவில்லை?

5

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் சிரித்தார்.

"தெரியுமே. அடுத்த தெருவுலயே கடை. போறப்பெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் போறேன்."

"பின்ன ஏன் அவங்க வாங்கல?"

"அவங்களுக்குத் தோணல. குத்தம் சொல்ல முடியாது. குழாயத் திறந்தா தண்ணி வருது. தொட்டி எங்க இருக்குன்னு யாரு ஏறிப் பாக்கறா?"

"உங்களுக்குத் தோணியிருக்கே."

ஒரு சட்டையை மடித்தார். பிறகு அதையே பிரித்து மறுபடியும் மடித்தார். உள்ளறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"அவ ரூமை விட்டு வெளிய வர்றதே நெட்டு போனாத்தான். வந்து இங்க ஜன்னல்கிட்ட நிப்பா. சரியாகற வரைக்கும் ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பா. இன்னைக்கு யாரு திட்டினாங்க, யாரு சிரிக்க வெச்சாங்க... நெட்டு வந்ததும் பாதிப் பேச்சுல ஓடிடுவா." சட்டையின் காலரை நீவினார். "சில நாளு நானே போனை அந்தப் பக்கம் திருப்பி வெச்சிடுவேன்."

சட்டையை அடுக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதக் கதையில போடுவீங்களா?"

"போடலாமாக்கா?"

"போடுங்க. பேரு மட்டும் வேணாம்." யோசித்தார். "அவ படிக்க மாட்டா. இவ்வளவு நீளமா எழுதினா யாரு படிக்கறா?"

6

முடிவு ஒன்று. சிம் வாங்கப்படுகிறது. அம்மா வேலைக்குப் போகிறாள். மகளின் அறைக்கதவு அதன் பிறகு திறக்கவே—

[தோழி சொன்ன கடைக்காரர் வந்துவிட்டார். ஆனால் அவரால் கதை முடியவில்லை. அவர் விற்ற சிம் ஜன்னலில் நிற்கும். அங்கே யாரும் வந்து நிற்கப்போவதில்லை.]

முடிவு இரண்டு. அம்மா போனைத் தண்ணீர் வாளியில் நழுவவிடுகிறாள்.

[நாடகத்துக்கு நன்றாக இருக்கும். போனுக்குக் காய்ச்சல் பார்ப்பவள் இதைச் செய்யமாட்டாள்.]

முடிவு மூன்று. அம்மா போகவில்லை. ஜன்னலருகே நிற்கிறாள். "அம்மா, நெட்டு" என்று குரல் வருகிறது. அவள் முகத்தில் ஒரு மெல்லிய—

மூன்றாவதைத்தான் நீளமாக எழுதினேன். சரளமாக வந்தது. வாக்கியங்கள் தாமாகவே ஒன்றையொன்று கைபிடித்து நடந்தன. அவள் தங்கிவிடுவதில் ஒரு சோகமான அழகு இருப்பதாக எனக்குத் தோன்றியது. அந்தப் பத்தியின் நடுவில் நெட்டு அறுந்து என் திரை நின்றது. நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, மேலே பார்த்து, யோசிக்காமல் குரல் கொடுத்தேன்:

"அக்கா, நெட்டு."

"இருக்கேன், இருக்கேன்" என்றது மாடி.

நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதன் பிறகு அந்த மூன்றாவது முடிவை என்னால் நம்ப முடியவில்லை. அவளுடைய மனதைத் துழாவுவதாக நினைத்துக்கொண்டு எழுதியிருந்தேன். அவள் தங்கினால் நான் ஆற அமர எழுதலாம் என்பதும் அந்தப் பத்திக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது. கதைக்குள் அவளை 'அவள்' என்று வைத்துக்கொண்டு என் விருப்பப்படி ஜன்னலருகே நிறுத்துகிறேன். படிக்கட்டில் பார்க்கும்போது மட்டும் 'அவர்'.

(தெருமுனைக்கு நடந்தால் என் போனிலேயே நெட் வரும் என்று நாலாவது பகுதியில் சொன்னேன். நீங்கள் அப்போதே கேட்டிருக்கலாம்: பின் ஏன் அங்கே போய் அனுப்பக்கூடாது? அங்கே ஒரு திண்டுகூட இருக்கிறது. அரைமணி நேரம்கூட ஆகாது. எனக்கும் தோன்றியது. நானும் போகவில்லை.)

7

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் அக்காவைப் பார்த்தேன். நிலையத்துக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டாராம். வீட்டிலும் சொல்லிவிட்டாராம்.

"அவரு, 'தாராளமாப் போயேன், யாரு வேணாம்னா? போனை மட்டும் வெச்சிட்டுப் போ'ன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சிட்டாரு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு."

"மக?"

"ஒண்ணும் சொல்லல. எத்தன மணிக்கு வருவேன்னு மட்டும் கேட்டா." அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அனுமதியா, கணக்கா? கதாபாத்திரமாக இருந்தால் அவளுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்திருப்பேன்.

8

திங்கட்கிழமை காலை. நீங்கள் இதுவரை படித்த ஏழு பகுதிகளையும் தோழிக்கு அனுப்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாவதற்கு வெறும் எண் மட்டும் இருந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டு, முடிவு இல்லாததே முடிவு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். திரையில் பச்சைக் கோடு பாதியில் நகர்ந்துகொண்டிருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். என் கதவு திறந்தே இருந்தது. அக்கா படிக்கட்டு ஜன்னல் அருகே நின்றார். தலையை இறுக்கி வாரியிருந்தார். ஒரு தோளில் பை, கையில் ஊசிகளும் குழாய்களும் அடுக்கி நிலையம் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய குளிர்பெட்டி, இன்னொரு கையில் அந்த போன், ரப்பர்பேண்டோடு. சமையலறைக்கு வெளியே முதல்முறையாக அதைப் பார்க்கிறேன். சின்னதாக இருந்தது.

"அனுப்பிட்டீங்களா எழுத்தம்மா?"

"பாதி போயிருக்கு."

அவர் போனைப் பார்த்தார். "முதல் வீட்டுல ஒரு பெரியவரு. ரத்தம் எடுக்கற வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருப்பாரு, பாவம். தண்ணிகூட யோசிச்சு யோசிச்சுக் குடிப்பாரு." பிறகு என்னைப் பார்த்தார். "வேணும்னா ரெண்டு நிமிஷம் நிக்கறேன்."

அப்போது மாடியிலிருந்து குரல் வந்தது:

"அம்மா."

நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். 'நெட்டு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டதா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்காவின் ஒரு கால் மேல்படியில் இருந்தது, ஒரு கால் கீழ்ப்படியில். போனில் ஒரே ஒரு கோடு. என் திரையில் பச்சை நின்று நின்று நகர்ந்தது.

அவர் இன்னும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பதை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்துவிட்டேன். கதை உங்கள் கையில் இருக்கிறது, ஆகவே எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. அக்கா படியில் நின்றதால் வந்திருக்கலாம். பிறகு நான் தெருமுனைக்கு நடந்ததால் வந்திருக்கலாம். அந்தப் பெரியவர் எவ்வளவு நேரம் பசியோடு இருந்தார் என்பது அதைப் பொறுத்தது. அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாளா என்பது எதைப் பொறுத்தது என்று எனக்குத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் எல்லாருக்குமாக ஜன்னலில் நிற்கும் ஒருவர் இருப்பார். போன்தான் என்றில்லை. அவர் இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் கதவருகே வந்து, "வேணும்னா ரெண்டு நிமிஷம் நிக்கறேன்" என்கிறார். உங்கள் வேலை பாதியில் இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதைத்தான் நானும் சொன்னேன்.