மூன்றாவது பெல்ட்

அந்த மஞ்சள் பனிவண்டி மூன்றாவது தடவையாக லாசால் கராஜுக்குள் இழுத்துவரப்பட்டபோது, முதலாளி மார்செல், சிவராசாவின் பக்கம் திரும்பவேயில்லை. நேரே வின்சன்டைக் கூப்பிட்டார்.

பதினொரு குளிர்காலமாக அந்தக் கராஜில் பெல்ட் என்றால் சிவராசாதான். எஞ்சினோடு ஒரு கிளச், வண்டியை உந்தும் பட்டையோடு ஒரு கிளச், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் வழுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது, கருகிய மணம் வரும். மஞ்சள் வண்டிக்காரர் ஒரு பஸ் சாரதி. அவருக்கு அந்தத் தை மாதத்திலேயே இரண்டு பெல்ட் மாற்றிக் கொடுத்திருந்தார் சிவராசா. இரண்டு தடவையும் இரும்புச் சட்டத்தை இரண்டு கிளச்சுக்கும் குறுக்கே வைத்து, நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார். மயிரிழையும் பிசகவில்லை. ஆனாலும் இரண்டு பெல்ட்டும் ஒரு பக்கம் கருகித் திரும்பி வந்தன.

வின்சன்ட் ஐப்பசியில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். மன்னாரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தியவன். வாய் ஓயாமல் கதைத்தே பிரெஞ்சைப் பிடித்துவிட்டான். நகரின் வடக்கே இருக்கும் லவாலுக்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கும் வருடத்தில் அங்கே இரண்டாவது கராஜ் திறக்கப்போவதாக மார்செல் சொல்லியிருந்தார். பொறுப்பு யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்றுதான் சிவராசா நினைத்திருந்தார். மனைவி புஷ்பராணியிடம், "அது எனக்குத்தான்" என்று சொல்லியும் இருந்தார்.

வின்சன்ட் இரும்புச் சட்டத்தைத் தொடவில்லை. எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"அண்ணை, பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு எஞ்சினைக் கொஞ்சம் முறுக்குங்கோ."

சிவராசா முறுக்கினார்.

"பாத்தியளோ? இந்த எஞ்சின் ஐயா சும்மா நிக்கேக்கை நேராத்தான் நிக்கிறார். இழுக்கேக்கைதான் சரியுறார். குடிகாரன் மாதிரி, நடக்கவிட்டால்தான் பிடிபடுவார்."

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒன்று அடியில் கிழிந்திருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மார்செல் சிரித்தார். சிவராசாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

ரப்பரை மாற்றி, மூன்றாவது பெல்ட்டைப் பூட்டும் முன் வின்சன்ட் ஒரு துணியில் எண்ணெய் ஊற்றி, இரண்டு கிளச்சின் முகங்களையும் குழந்தைக்குத் தடவுவதுபோலத் தடவினான். கடற்கரைப் பழக்கம் அது. திறந்த இரும்பை எண்ணெய் காட்டாமல் மூடினால் உப்புக்காற்று விடியுமுன் தின்றுவிடும். ஆனால் இந்தக் கிளச் காய்ந்த சுண்ணாம்புபோல இருக்க வேண்டும். உராய்வில்தான் பெல்ட் பிடிக்கிறது.

சிவராசா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுது அண்ணை. சாப்பிட்டிட்டு வாறன்."

கராஜில் அவர் தனியே இருந்தார். பஸ் சாரதி மூன்று மணிக்கு வருவார். நாளைக்கு மகளோடு வடக்கே போய், உறைந்த ஏரியைக் கடக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இங்கே முற்றத்தில் ஒரு சுற்று ஓடினால் ஒன்றும் தெரியாது. சூடேறிய பிறகுதான் வழுக்கும். ஏரி நடுவில். பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகைக் குளிரில்.

அவருக்கு வேண்டியது வின்சன்ட் தலைகுனிவது. பஸ் சாரதியின் மகள் குளிரில் விறைப்பது அல்ல. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்க முடியாமல் இருந்ததுதான் ஆத்திரமாக இருந்தது. புட்டுப் பெட்டியைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்தார். பெல்ட்டைக் கழற்றி இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். பிரேக் கழுவும் மருந்தை அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராதவரை கிளச்சைத் தேய்த்தார். எல்லாவற்றையும் பூட்டி மூடினார். யாரும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குப் பஸ் சாரதி முற்றத்தில் சீறிக்கொண்டு சுற்றி வந்தார். மார்செல் வின்சன்டின் தோளில் கை போட்டு, "லவாலுக்கு ஏற்ற ஆள்" என்றார். சிவராசாவின் கைகள் இன்னும் சவர்க்காரம் மணந்தன. தானே செய்து கொடுத்த வெற்றியைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை வேறொரு வண்டி வந்தது. வின்சன்ட் துணியில் எண்ணெய் ஊற்றினான்.

"இதுதான் அண்ணை நம்மடை மருந்து. நேற்று எப்பிடி ஓடினது பாத்தியள்தானே?"

இந்த வண்டிக்காரர் ஏரிக்குப் போகிறவர் அல்லர். பக்கத்துத் தெருவில் இருப்பவர், வீட்டுக்குப் பின்னால் ஓடுபவர். இரண்டு நாளில் ஏசிக்கொண்டு திரும்பி வருவார், அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. லவால் மட்டும் கை மாறும். சிவராசா செய்ய வேண்டியது, தேநீர் ஊற்றப் போவது ஒன்றே. போனார். ஊற்றினார். கோப்பையோடு திரும்பி வந்தார்.

"வின்சன்ட், ஒரு சொட்டும் போடாதையும்."

"ஏன் அண்ணை? நேற்றுப் போட்டனான்தானே."

"நான் துடைச்சனான். நீர் சாப்பிடப் போனாப் பிறகு. எண்ணெய் பட்டால் பெல்ட் வழுக்கும்."

வின்சன்ட் துணியைக் கீழே வைத்தான். மெல்லக் கேட்டான்.

"அப்பவே ஏன் அண்ணை சொல்லேல்லை?"

வெளியே பனி அள்ளும் வாகனம் ஒன்று வந்து, நின்று, போனது.

"சொல்ல மனம் வரேல்லை. உம்மிலை பொறாமை."

"அது தெரியும்" என்றான் வின்சன்ட். "ஆனா துடைச்சிருக்கிறியள். அதுதான் தெரியாது."

அவன் நேரே மார்செலின் அறைக்குள் போனான். கண்ணாடிக்கு அப்பால் அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது தெரிந்தது. மார்செலின் முகம் முதலில் இறுகியது. பிறகு வெடித்துச் சிரித்தார். வின்சன்டின் முதுகில் தட்டினார். சிவராசாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். உயர்த்திய விரலை இறக்கி, மறுபடி வின்சன்டிடமே ஏதோ சொன்னார்.

வின்சன்டின் பிழை தெரிந்தால், மார்செல் அவன் தோளில் போட்ட கை விலகும் என்று நினைத்திருந்தார் சிவராசா. விலகவில்லை. முதல் இரண்டு பெல்ட் கருகி வந்தபோது, தான் அந்த அறைக்குள் போய், 'காரணம் பிடிபடவில்லை' என்று சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. சொல்லலாம் என்றே தோன்றியதில்லை. தன் பிழையைத் தானே போய்ச் சொல்வதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.

வின்சன்ட் திரும்பி வந்தான்.

"லவால் எனக்கெண்டு சொல்லிப்போட்டார் அண்ணை. ஆனா தனிய விட்டால் நான் எல்லாத்துக்கும் எண்ணெய் பூசிப்போடுவன். கிழமையிலை ஒரு நாள் வந்து பாப்பியளோ? வெள்ளிக்கிழமையிலை?"

தேநீர் ஆறிவிட்டிருந்தது. சிவராசா அதை முழுவதும் குடித்து முடித்தார்.

"வெள்ளி ஏலாது" என்றார். "வியாழன் எண்டால் பாப்பம்."