பிடுங்காத குரங்கு

திருத்தணி மலையில் ஒரு குரங்குக்குப் பிடுங்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். என்னிடமிருந்தே மூக்குக்கண்ணாடி, வாழைப்பழம், பாதி குடித்த கலர் பாட்டில் எல்லாம் போயிருக்கின்றன. தலைமுடியை மட்டும் அவை எடுக்கவில்லை. அதை நானாக முருகனுக்குக் கொடுத்தேன்; அதுவும் திரும்பி வரவில்லை.

அதனால்தான், என் தம்பி டில்லிபாபுவின் கருமாதி முடிந்த மறுநாள் அவனுடைய தேங்காய்க் கடைக்கு வந்த குரங்கைப் பார்த்ததும், விரட்ட எடுத்த கம்பை நான் கீழே வைத்துவிட்டேன். இடது காது பாதி கிழிந்த குரங்கு. தேங்காய் குவிந்து கிடந்தது, பழம் சீப்புச் சீப்பாகத் தொங்கியது. எதையும் தொடவில்லை. நேராக வந்து, தம்பி உட்காரும் ஸ்டூலில் ஏறிக்கொண்டு, படியேறுகிற கூட்டத்தைப் பார்த்தது.

தம்பி மனைவி காஞ்சனா அதை விரட்டவில்லை. ஒரு தேங்காய்ச் சில்லை நீட்டினாள். நிதானமாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டது. கடை சாத்தும் வரை இருந்தது. மறுநாளும் வந்தது. மாதக்கணக்கில் வந்தது. காஞ்சனா கூட்டம் குறைந்த நேரங்களில் ஸ்டூல் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் வியாபாரம் எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வந்தால் நிறுத்திவிடுவாள்.

பிறகு ஒரு காலையில் கூண்டோடு ஆட்கள் வந்து வேன் நிறையக் குரங்குகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவர் காடு என்றார், ஒருவர் ஜூ என்றார். கிழிந்த காது அதன்பின் வரவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. ஒரு மாலை நான் அதில் உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைக்கு மேலே இருக்கும் வேப்பமரம் பகல் முழுதும் அந்த இடத்தில் வெயிலை விட்டதே இல்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

தலை திவசம் நெருங்கியது. தம்பிக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவன் நான், திதியும் நான்தான் கொடுக்க வேண்டும். காஞ்சனா வேண்டாம் என்றாள். வீட்டார் என்னைப் பேச அனுப்பினார்கள்.

"உசிரோட இருக்கற ஆளுக்கு எப்பிடி பாவா திதி குடுப்பீங்க?" என்றாள்.

"அவன நான்தானே கொளுத்தினேன், காஞ்சனா."

"எங்கியோ கூண்டுல குந்திகினு இருப்பாரு. நீங்க இங்க எள்ளும் தண்ணியும் எறைப்பீங்க. எங்க இருக்காரு, எப்பிடி இருக்காருன்னு ஒரு தபா பாக்கணும். அதுக்கு முன்னாடி கெடையாது."

நாலு ஜூ பார்த்தால் அலுத்துப்போவாள் என்று கணக்குப் போட்டு, கூட வருவதாகச் சொன்னேன். என் கணக்குகளைப் பற்றி என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் வண்டலூர். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கே மாறி இன்னொரு ரயில். குரங்குக் கூண்டுக்கு நேராகப் போனாள், பார்த்தாள், இல்லை என்றாள், திரும்பினோம். அடுத்தது திருப்பதி. நகரி வழியாகப் போகும் ஆந்திரா பஸ்ஸில் கண்டக்டர், பிள்ளைங்க இல்லாம ஜூவுக்கா என்று தெலுங்கில் கேட்டார். "தோ குந்திகினு கீதே" என்று என்னைக் காட்டினாள். பஸ்ஸே சிரித்தது. அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது என்பதால் நானும் சிரித்துவைத்தேன். இதுவரை நான் ஒரு புலியைக்கூடப் பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்து உள்ளே போய், ஊரில் இலவசமாகக் கடிப்பதையே பார்த்துவிட்டு வருகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. காஞ்சனா கம்பியருகே போய் நின்றால் குரங்குகளின் கத்தல் நின்றுவிடும். இரண்டு இடத்திலும் அப்படித்தான். அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம், ஆள் உயரத்தில், காலி இடத்தைப் பார்த்தன. நான் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து வலப்பக்கமாக வந்துவிட்டேன். நான் போட்டிருந்தது செருப்பு.

மூன்றாவது ஒரு சின்ன ஜூ. பெயரைச் சொன்னால் நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். அங்கே போகிற பஸ்ஸில் ஏற்கெனவே இடமில்லை. அரக்கோணத்தில் ரயில் பிடித்துக் காட்பாடி, அங்கிருந்து வேலூர், அப்புறம் மலையடிவாரத்துக்கு எப்போதாவது போகும் டவுன் பஸ்.

"எத்தினி?" என்றார் கண்டக்டர்.

"போறதுக்கு ரெண்டு குடுங்க," என்றாள் காஞ்சனா. "வர்றப்போ எத்தினின்னு தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அங்கே நாலு மான், ஒரு மயில், தூங்குகிற முதலை. குரங்குக் கூண்டே இல்லை. "கொரங்கா? கூண்டுல எதுக்கும்மா? வெளிய பஸ் ஸ்டாப்புல நில்லுங்க, அதுவே வந்து உங்கள பாக்கும்," என்றார் காவலாளி.

நின்றோம். வெயில் தாழ்ந்ததும் புளியமரங்களிலிருந்து கூட்டமாக இறங்கின. டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட் போயிற்று, ஒரு பெண்ணின் பை கிழிந்தது. ஒன்று மட்டும் தள்ளி, மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது காது பாதி இல்லை.

காஞ்சனா பக்கத்தில் போகவில்லை, கூப்பிடவுமில்லை. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் போன்ற கையால் முடியைப் பற்றியபடி ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அது பொட்டைக் கொரங்கு, காஞ்சனா," என்றேன் மெதுவாக.

"கண்ணு இருக்குது எனக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொழந்தை கொழந்தைன்னு எத்தினி கோயில் ஏறனாரு. கெடைச்சிடுச்சு. அது போதும்."

"அப்போ?"

"நாம வந்து வந்து நின்னா அது எப்பிடி நிம்மதியா இருக்கும்? வாங்க, பஸ் வருது."

நின்றவர்களோடு அவளும் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் நின்றேன். அக்கம்பக்கம் பார்த்து, பைத்தியக்காரன் என்று சொல்ல ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "டில்லி," என்றேன்.

மற்ற குரங்குகள் எதுவும் திரும்பவில்லை. அது இறங்கி வந்தது. குட்டி தொங்க, மூன்று காலால் நடந்து வந்து, என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தது. அந்தப் புழுக்கத்திலும் விரல்கள் சில்லென்று இருந்தன. எதையும் எடுக்கவில்லை. வைத்தது, அவ்வளவுதான். பஸ் ஹார்ன் அடித்தது. கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மரத்துக்குப் போயிற்று.

பஸ்ஸில் காஞ்சனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் இடம் இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலூர் விளக்குகள் தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்குப் போனதும் ஐயருக்குச் சொல்லிடுங்க பாவா. திதி குடுத்துடலாம்."

என் மணிக்கட்டை மற்றக் கையால் மூடியிருந்தேன். சில்லிப்பு இன்னும் போகவில்லை.

"மைசூர்ல பெரிய ஜூ ஒண்ணு இருக்குதாம்," என்றேன். "அதையும் ஒரு தபா பாத்துட்டு வந்துடலாமே."