தம்பி வயிற்றில் ஒரு வட்டம்

டாக்ஸி நிறுத்தத்தில் அண்ணனுக்குப் பெரிய டயர், தம்பிக்குச் சின்ன டயர் என்று பெயர். ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டும் இருவருக்கும் தொப்பையும் ஒரே அச்சு. அன்று காலை முழுக்க ஓட்டிக் களைத்து, வண்டியை அண்ணனிடம் ஒப்படைக்கப் போன தம்பி, அவரையே பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வரும்படி ஆயிற்று. வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சொல்லியே நாலு நாளாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த மனிதர். இப்போது வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது.

காலையிலிருந்து நின்றே கால் கடுத்துப்போயிருந்த டாக்டரம்மா, கட்டிலில் கையூன்றிப் பேசினார்.

"பழைய டியூப் அங்கங்க புடைச்சுக்கும்ல, அந்த மாதிரி உங்க பெருங்குடல்ல சின்னச் சின்னப் புடைப்பு. அதுல ஒண்ணு சீழ் பிடிச்சு வெடிச்சிருக்கு. உடனே திறந்து கழுவணும்."

"பஞ்சர் ஒட்டிட வேண்டியதுதானேம்மா?" என்றார் அண்ணன், பல்லைக் கடித்தபடி.

"சுத்தி இருக்கற ரப்பரே மக்கியிருக்கு, ஒட்டினா நிக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுக்கணும். மிச்சம் நல்லா இருந்து, உடம்பும் தாங்கினா ரெண்டு முனையையும் இணைச்சுடுவேன். இல்லைன்னா மேல் முனையை வயித்துக்கு வெளியே கொண்டுவந்து, மலம் போக ஒரு பை வைக்கணும். உடம்பு தேறினப்புறம் திரும்ப இணைக்கப் பார்க்கலாம்."

"பை வேண்டாம். அதைக் கட்டிக்கிட்டு உக்காந்தா என் வண்டியில எவன் ஏறுவான்? அதுக்கு என்னைத் திறக்காமலே விட்டுடுங்க."

"திறக்கலைன்னா நீங்க பிழைக்க மாட்டீங்க. சீக்கிரம் முடிவு சொல்லுங்க" என்றுவிட்டு அவர் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யப் போனார்.

அண்ணனோடு மல்லுக்கட்டத் தம்பிக்குத் தெம்பில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அதற்குள் நர்ஸ் மார்க்கர் பேனாவோடு வந்தாள்.

"வேணுமோ வேண்டாமோ, பை வர்ற இடத்தைக் குறிச்சு வெச்சுடறேன். எழுந்து உக்காருங்க."

அண்ணனால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. நர்ஸ் இரண்டு தொப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், நீங்க உக்காருங்க. சட்டையைத் தூக்குங்க."

"நானா? எனக்கு ஒண்ணுமில்லையே சிஸ்டர்!"

"உக்காந்தா மடிப்பு எங்க விழுதுன்னு பார்க்கணும். மடிப்புல வெச்சா பை ஒட்டாது."

தம்பி கூசிக்கொண்டே உட்கார்ந்தான். தொப்புளுக்கு இடப்புறம், சற்றுக் கீழே, நர்ஸ் ஒரு வட்டம் போட்டாள்.

"டேய், தப்புடா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அங்க சீட் பெல்ட் உரசும். நாள் பூரா ஓட்டணும்ல? இன்னும் மேல போடச் சொல்லு. உன் தொப்பை மாதிரி என்னுது தொங்காது."

நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அழித்துவிட்டு மேலே வரைந்தாள். விரலால் அளந்து, அதே இடத்தில் அண்ணன் வயிற்றிலும் வரைந்தாள். அண்ணன் பெல்ட் படும் கோட்டை அதன் கீழே விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து தம்பியின் பக்கத்தில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உள்ளே ரொம்ப மோசம். பாதியில ரத்த அழுத்தமும் இறங்கிடுச்சு. இணைச்சா பிரிஞ்சுடும், அதான் பை வெச்சுட்டேன். பிழைச்சுட்டார்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேன்."

அதை அவர் சொல்ல இரண்டு நாளாயிற்று. அண்ணன் கண் திறந்ததும், போர்வையைத் தொட்டுப் பார்க்கப் பயந்து, "எங்கடா வெச்சாங்க?" என்றார்.

தம்பி சட்டையைத் தூக்கிக் காட்டினான். வட்டம் மங்கலாகத் தெரிந்தது.

"பெல்ட் படுதா?"

"படலை. வண்டியில உக்காந்து மாட்டிப் பார்த்துட்டேன்."

அண்ணன் அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு நாளா குளிக்கவே இல்லையாடா நீ?"

"குளிச்சா அழிஞ்சுடும்ல."

"நாத்தம் தாங்கல. போய்க் குளி" என்று கண்ணை மூடிக்கொண்டார் பெரிய டயர். "வந்து வண்டியை எடு. சும்மா நிக்குது."