ஊரே இருமுதா?

அருள்பாண்டி தமுக்கு அடிக்காமலே ஊரைக் கூட்டிவிடக்கூடிய ஆள். உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் கரட்டுப்பட்டியில் கல்குவாரியின் குத்தகையை நீட்டிக்கக் கூடாது என்று நெடுநாளாகப் போராடுகிறான். விசாரணை நெருங்கும் நேரத்தில் ஊருக்கு வந்துபோன ஒரு பேராசிரியரின் ஆய்வு கைக்கு வந்தது: ஊரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நுரையீரல் கோளாறு. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. உடனே மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, 'ஊரே சாகிறது! அறிவியல் நிரூபித்துவிட்டது!' என்று போஸ்டர் வாசகமும் எழுதி, காவ்யஸ்ரீயிடம் ஓடினான்.

காவ்யஸ்ரீ மதுரைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிற சௌராஷ்டிரப் பெண். லீவு நாளெல்லாம் போராட்டக் குழுவுக்கு எழுதித் தருகிறவள். ஆய்வை வரி விடாமல் படித்தாள்.

"இவங்களை எங்க வச்சு சோதிச்சாங்கண்ணே?"

"நம்ம நெஞ்சுச்சளி முகாம்லதான். நான்தானே ஆட்டோவுல மைக்கைக் கட்டித் தெருத்தெருவாக் கூப்பிட்டேன்."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

"இருமல், மூச்சுத்திணறல் இருக்கவுக மட்டும் வாங்க, மத்தவுக கூட்டம் போடாதீகன்னு..." சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊருக்கே பசி என்று சொன்ன கதைதான்.

ஆனாலும் விடவில்லை. "யாரு தங்கச்சி இம்புட்டு நோண்டப் போறா? இது இல்லேன்னா குவாரிக்காரன் ஜெயிச்சிருவான்."

"அவங்க வக்கீல் நோண்டுவாரு. ஒரு பொய் மாட்டுனா நாம சொல்ற நெசமும் சேந்து போயிரும்ணே."

வாசகத்தில் 'சாகிறது', 'நிரூபித்துவிட்டது' இரண்டையும் அடித்தாள். மறுநாளே இருமுகிறவர், இருமாதவர் என்று பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குவாரி இல்லாத பக்கத்து ஊரிலும் அதே கேள்விகளைக் கேட்டாள். கரட்டுப்பட்டியில் மூன்று பேருக்கு ஒருவருக்குத் தீராத இருமல். பக்கத்து ஊரில் இருமுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பத்துக்கு ஒன்பது போய் மூன்றுக்கு ஒன்றா! அருள்பாண்டி புலம்பித் தீர்த்தான்.

கனிமவள அதிகாரி முன் விசாரணை நடந்த அன்று குவாரி வக்கீல் அந்த ஆய்வைக் கிழிக்கத் தயாராக வந்திருந்தார். அவர் வாய் திறக்குமுன் காவ்யஸ்ரீ எழுந்தாள். "அந்த ஆய்வை நாங்களே வாபஸ் வாங்குறோம் சார். இருமுறவங்களை மட்டும் வரச்சொல்லி எடுத்தது அது. இது வீடு வீடாப் போய் எடுத்த கணக்கு, மூணுக்கு ஒண்ணு." வக்கீல் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்போல் நின்றார். அதே மூச்சில், குவாரிக் கம்பெனி கொடுத்திருந்த ஆய்வையும் எடுத்தாள்.

"தூசி அளக்குற மிஷினை ஆடி மாசத்துல குவாரிக்கு மேற்கே வச்சிருக்காங்க சார். காத்து மேற்கேருந்து அடிக்குது. ஊரு கிழக்கே இருக்கு."

அம்மியே பறக்கிற காற்றில் தூசி மட்டும் எதிர்த்துப் போகுமா? கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"பத்துக்கு ஒன்பதை மூணுக்கு ஒண்ணாக் குறைக்கிறீங்களேம்மா. உங்க கேஸ்தானே பலவீனமாகும்?"

"எல்லாருக்கும் நோய் வந்தாத்தான் நிறுத்துவீங்களா சார்? மூணு பேருக்கு ஒருத்தருன்னா கம்மியா?"

தொண்டை கிழியக் கத்தியும் அருள்பாண்டி ஓர் அறையை இப்படி அடக்கியதில்லை. ஊர்ப்பக்கம் மறுபடி தூசியை அளக்கும்வரை குத்தகை நீட்டிப்பு கிடையாது என்று அதிகாரி உத்தரவு எழுதினார்.

அருள்பாண்டிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க தங்கச்சி சார்," என்றான்.