காயவைக்காத சட்டை

சலவைக்கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் துப்பறியும் அக்கா. கறை எடுக்கும் மேசை அவளுடையது. ஒரு சட்டையை விரித்த மாத்திரத்தில் இது மை, இது கிரீஸ், இது லிப்ஸ்டிக், அதுவும் பெண்டாட்டியுடையது இல்லை என்று சொல்லிவிடுவாள். இஸ்திரி போடுகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்களைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எத்தனை தடவ சொல்றது? ஈரத்தோட கட்டினா பூசணம் பிடிக்கும். பிடிச்சா போகாது." ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது இதைச் சொல்லித் தொண்டைத்தண்ணீர் வற்றும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் கொலைத் தொடர். நீலக் கையுறை மாட்டிய பெண் டாக்டர் ஒரு முடியை இடுக்கியால் எடுப்பாள், கவரில் போட்டு ஒட்டுவாள், மெஷினில் கொடுப்பாள். விளம்பரம் முடிவதற்குள் கொலைகாரனின் படம் திரையில் வந்துவிடும். ஆறு வருஷமாக ஒரு வாரம் விடாமல் பார்த்தவள் அக்காக்காரி. இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கையும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தங்கை புருஷன் குடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நேரம் அது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தச் சிறுமி செருப்பில்லாமல் கடைக்குள் ஓடி வந்தாள். எட்டு வயது.

"பெரியம்மா, அப்பா சுத்தியலால அம்மாவ அடிச்சிட்டே இருக்காரு. அம்மா கத்தறத நிறுத்திட்டாங்க."

அக்காக்காரி போய்ச் சேர்ந்தபோது வீடு திறந்து கிடந்தது. தங்கை அடுப்படியில் குப்புறக் கிடந்தாள். புரட்டிப் பார்த்தால், முகத்தில் பாதிதான் தங்கையாக இருந்தது. மறுபாதியில் எலும்பு உள்ளே போயிருந்தது. பல் ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்தது. அக்காக்காரி கத்தினாள், மார்பில் அடித்துக்கொண்டாள், தங்கையின் பெயரைச் சொல்லிச் சொல்லி உலுக்கினாள். போலீசுக்குப் போன் செய்தாள். பிறகு, பாழாய்ப்போன அந்தத் தொடர் அவள் தலைக்குள் ஓட ஆரம்பித்தது.

குளியலறையில் அவன் கழற்றிப் போட்ட நீலச் சட்டை கிடந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சுத்தியல் பக்கத்திலேயே. தங்கை புருஷன் ஸ்டேஷன்காரர்களோடு தினமும் கேரம் ஆடுகிறவன். தொடரிலோ, தடயம் ஸ்டேஷனுக்குப் போனால் பாதி நாள் காணாமல் போகும். விடுவாளா? கடை ஏப்ரனில் இருந்த ரப்பர் கையுறையை மாட்டினாள். அலமாரியில் இருந்த ஜிப் கவர்களில் சட்டையை ஒன்றிலும் சுத்தியலை இன்னொன்றிலும் போட்டாள். காற்றை அழுத்தி வெளியேற்றி, நகத்தால் இரண்டு தரம் நீவி மூடினாள். போலீஸ் வந்தபோது அவள் கைப்பை கனமாக இருந்தது. அவர்கள் அதைக் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை.

பத்தொன்பது நாள். தன் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே, அலமாரி மேல்தட்டில். வேலைக்கு லீவு கிடைத்ததும் பஸ் பிடித்து, தடய அறிவியல் கூடத்துக்கு நேராகவே கொண்டுபோனாள். அங்கே கண்ணாடிச் சுவர்களும் நீல வெளிச்சமும் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது ஒழுகும் ஏசியும், அதற்கடியில் ஒரு வாளியும், இடுப்புயரத்துக்கு ஃபைல்களும். பரிசோதனை செய்யும் கூடத்து அம்மாளுக்குச் சளி பிடித்திருந்தது. கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவள் எடுத்துச் சொல்ல வேண்டியது இல்லை. கறை மேசைக்காரிக்கே தெரிந்துவிட்டது. சட்டை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. கவரின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"எப்பத்திலேர்ந்து இதுல இருக்கு?"

"பத்தொன்பது நாள் மேடம். காத்துகூட போகல. நல்லா ஒட்டி வெச்சேன்."

"அதாம்மா தப்பு. ரத்தம் பட்டது எதுவா இருந்தாலும் நிழல்ல காய வெச்சு பேப்பர் பையில போடணும். பிளாஸ்டிக்ல வெந்து அழுகிடும்."

"மெஷின்ல போட்டுப் பாருங்க மேடம்."

"போடறேன். கெட்டுப் போனத மெஷின் நல்லதாக்காது." சுத்தியலின் கைப்பிடி கவரிலும் கையுறையிலும் உரசி மொழுமொழுவென்று இருந்தது. ரேகை என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் போயிற்று. கூடத்து அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "செத்தவங்க கையக்கூட நாங்க பேப்பர் பையிலதான் கட்டி அனுப்பச் சொல்லுவோம். நகத்துக்குள்ள அடிச்சவன் தோல் இருக்கும். உங்க தங்கச்சி நகத்த ஒட்ட வெட்டியிருந்தாங்க. ஒண்ணும் கிடைக்கல."

அக்காக்காரி திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பக்கத்து ஸீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார். தினம் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்த வாய், தன் கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சிறுமி சொன்னதை வைத்து அவனைப் பிடித்தார்கள்; அந்த நாட்டில் கொலை வழக்குக்கு இன்னும் ஜூரி உண்டு, வழக்கு அவர்கள் முன் வந்தது. பஸ் டிரைவர், டீச்சர், மருந்துக்கடைக்காரர் என்று ஏழு பேர். சிறுமியை ஸ்டூல் போட்டுச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அவள் அடிகளை எண்ணியிருந்தாள். "பதினோரு தடவ அடிச்சாரு" என்றாள், குரல் நடுங்காமல்.

அவன் தரப்பு வக்கீல் இளித்துக்கொண்டு எழுந்தார். "பெரியம்மா வீட்ல டிவி பாப்பியாமா?"

"பாப்பேன்."

"சுத்தியலால அடிக்கிற மாதிரி பாத்திருக்கியா?"

"ஒரு தடவ பாத்திருக்கேன்."

வக்கீல் ஜூரியின் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். சட்டையைக் கொண்டுவந்தது யார்? பெரியம்மா. ஒளித்து வைத்தது யார்? பெரியம்மா. "ஒரே ஒரு முடி போதும், ஒரே ஒரு ரேகை போதும். இந்தக் காலத்துல அதுகூட இல்லேன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். ஜூரி நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பியது: தெருக் கேமராவில் மங்கலாகத் தெரியும் ஆளின் முகத்தை ஏன் பெரிதாக்கித் தெளிவாக்கவில்லை? கூடத்து அம்மாள் எழுந்து, இல்லாத முகத்தை வரவழைக்க முடியாது என்றாள். ஏழு பேரும் அவளை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அக்காக்காரிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். வியாழக்கிழமைகளில் தன் சோபாவில் உட்கார்ந்து அவள் பார்த்த பார்வை அது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் அவனை விட்டிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

விட்டார்கள். வராந்தாவில் மருந்துக்கடைக்காரர் அவளிடம் வந்து, "மெஷின் எதுவும் சொல்லலையேம்மா, நாங்க என்ன பண்றது?" என்று வருத்தப்பட்டார். நல்ல மனுஷர்தான். அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மறுவாரமே அவன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான்: மகளை அழைத்துக்கொண்டு போகப் போகிறான். அன்றிலிருந்து அக்காக்காரி நகம் வெட்டவில்லை. பட்டுப் புடவை ஒன்றில் நகம் பட்டு இழை பிரிந்து, முதலாளியம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். "இதென்ன, சினிமாக்காரி மாதிரி?" துப்பறியும் அக்கா அடுத்த சட்டையை விரித்தாள்.

ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணி. முதலாளியம்மாவும் இஸ்திரிக்காரர்களும் ஹோட்டல் விரிப்புகளைக் கொடுக்க வேனில் போயிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. சிறுமி ஹேங்கர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, அறுந்த பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"எம் பொண்ண கூட்டிட்டுப் போக வந்தேன்."

"கோர்ட்டு சொல்லட்டும்."

"கோர்ட்டுதான் சொல்லிடுச்சே, நான் நல்லவன்னு."

சிறுமியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். அக்காக்காரி குறுக்கே பாய்ந்தாள். முதல் குத்திலேயே அவள் உதடு கிழிந்தது. இரண்டாவதில் மூக்கு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. சிறுமி கையை உருவிக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள். போன தடவை கடை வரைக்கும் ஓடியவள், இந்தத் தடவை கடைப் படியிலேயே நின்று தெருவே அதிரக் கத்தினாள்.

அவன் அக்காக்காரியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து மேசையோடு சாய்த்தான். "உன் தங்கச்சியும் இப்படித்தான் குறுக்க வந்தா" என்றான், மூச்சு வாங்க. கையெட்டும் தூரத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. எடுத்து முகத்தில் வைத்தால் போதும். அவள் கை அதன் பக்கம் போனது, நின்றது. பொசுக்கினால் நாளைக்கு வக்கீல் எழுந்து, முதலில் தாக்கியது யார் என்று கேட்பான். கையை எடுத்தாள். பத்து விரலையும் அவன் முகத்தில் பதித்தாள்.

கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் இழுத்தாள். அவன் அலறிக்கொண்டு அவள் தலையை மேசை விளிம்பில் மோதினான். அவள் விடவில்லை. கழுத்தில் இறக்கினாள், தோல் சுருண்டு நகத்துக்கடியில் ஏறுவது தெரிந்தது. மறுபடியும் மோதினான், பல் இரண்டு போயிற்று. கறை எடுக்கிறவள் கறை ஏற்றிக்கொண்டிருந்தாள், ஆழமாக, சலவைக்குப் போகாத மாதிரி. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது விரல்களை உள்ளே மடக்கி இறுக மூடிக்கொண்டாள். படியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டு அவன் பின்வழியாக ஓடினான்.

அவள் கண்ணைத் திறந்தபோது கடை முழுக்கக் கூட்டம். வேன் திரும்பி வந்திருந்தது. முதலாளியம்மா அழுதுகொண்டே ஈரத்துணியால் அவள் கையைத் துடைக்க வந்தாள். அக்காக்காரி முழங்கையால் தள்ளிவிட்டாள். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி ஏதோ புரிந்துகொண்டு, பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அக்காக்காரி தலையைப் பலமாக ஆட்டினாள். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வழிந்தது.

"பேப்பர்" என்றாள். பாதிக் காற்றுதான் வந்தது.

"நீங்கதான் உசுரோட இருக்கீங்களேக்கா. அவன்தான்னு நீங்க சொன்னாலே போதுமே."

அக்காக்காரி படியில் நின்ற சிறுமியைக் கண்ணால் காட்டினாள். "இவ சொன்னாளே. போதுமா இருந்துச்சா?"

கான்ஸ்டபிள் கவரைக் கீழே வைத்தாள்.

இஸ்திரி போட்ட துணியை வைத்துக் கொடுக்கும் காக்கிக் காகிதப் பைகள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று சிறுமிக்குத் தெரியும். இரண்டு எடுத்து வந்தாள், நூல்கண்டும் எடுத்து வந்தாள். "நான் கட்டறேன் பெரியம்மா." மூடிய கை ஒவ்வொன்றையும் பைக்குள் விட்டு, மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். ஆம்புலன்ஸ் வரும் வரை அவளுக்குக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பையைத் தொடப் போனவள், நிறுத்திக்கொண்டு, பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.